எவோதியோவின் அட்டை

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நடுவர் மண்டிபோட்டுத் தரையைப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவே ஒரு நடுவர் மண்டிபோட்டு நான் பார்த்ததேயில்லை. எங்கள் வழக்கமான நடுவர் தோன் குக்கோவின் தொப்பை அதற்கு அனுமதிக்காது. நடுவட்டத்தில் நின்றபடியே நான்கு மூலைகளிலும் என்ன நடக்கிறது என்று ஊகித்து விசிலடிப்பவர் அவர். எல்லோருக்கும் சமமாக அநியாயம் செய்வார் என்பதால் அவர்மேல் யாருக்கும் பெரிய கோபம் கிடையாது. அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லை என்று லீக்கிலிருந்து வேறு ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான மனிதர். கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி, பூட்ஸுக்குப் பாலிஷ். புழுதி மைதானத்துக்கு பூட்ஸைப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருகிறவரை நம்பக் கூடாது என்று பக்கத்தில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தவளிடம் அப்போதே சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா என்பது இப்போது மறந்துவிட்டது. சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் விரலால் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டு, விரலை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். எங்கள் ஆள் எதிரணிக்காரனின் காலைத் தட்டிவிட்ட இடம் பெனால்டி கட்டத்துக்கு வெளியே என்பது மைதானத்தில் படுத்திருந்த நாய்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் கோடு அப்படிச் சொல்லவில்லை. சொந்த மைதானத்தில் ஆடுகிற அணிதான் காலையில் கோடு போட வேண்டும் என்பது எங்கள் லீக்கின் வழக்கம். போட்டவர் தோன் தாச்சோ, எங்கள் அலக்ரானெஸ் அணியின் பயிற்சியாளர், தொழில் கறிக்கடை. முந்தின நாள் ஒரு ஞானஸ்நான விருந்தில் நன்றாகக் கவனிக்கப்பட்டிருந்த அவர், கயிறு பிடித்து அளக்க வேண்டியதை எட்டு வைத்து அளந்துவிட்டார். தெற்குக் கோலில் கட்டம் கச்சிதம். வடக்குக் கோலில் கட்டத்துக்குள் ஒரு பேருந்தை நிறுத்தி, திருப்பி, வெளியே எடுக்கலாம். இரண்டாம் பாதியில் வடக்குக் கோல் எங்களுடையது.

"வெளிய! வெளிய! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று எங்கள் பையன்கள் பதினோரு பேரும் கத்தினார்கள்.

நடுவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "கோடு போட்டது யாரு?"

"நான்தான்," என்றார் தோன் தாச்சோ. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தவருக்கு, சொல்லி முடிப்பதற்குள் விஷயம் புரிந்துவிட்டது.

"அப்ப நீங்க போட்ட கோட்டுக்குள்ளதான் தட்டியிருக்காங்க. பெனால்டி."

குரல் உயரவேயில்லை. கத்துகிற நடுவரோடு கத்தலாம். இவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பெனால்டி உள்ளே போனது. மூன்றுக்கு இரண்டு. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு அரையிறுதிக்கு வந்த அணி, தன் கையால் போட்ட கோட்டாலேயே தோற்றது. கடைசி விசில் அடித்ததும் எங்கள் முன்கள ஆட்டக்காரன் நபோர் மைதானத்தின் பாதியை ஓடிக் கடந்து வந்து, வந்த வேகத்திலேயே நடுவரின் வாயில் அறைந்தான்.

நடுவர் விழுந்தார். உதடு கிழிந்து, சுண்ணாம்பில் சிவப்பாகத் துப்பினார். இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று பாயத் தயாராக நின்றன. ஆனால் மனிதர் சண்டைக்கு வரவில்லை, திட்டவில்லை, சிவப்பு அட்டைகூடக் காட்டவில்லை. எழுந்தார், சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார், தையற்காரர் அளவெடுப்பதுபோல நபோரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு நடந்துபோய் ஒரு வெள்ளை டிரக்கில் ஏறிப் போய்விட்டார்.

"டேய் மடையா," என்றான் எதிரணி கேப்டன். ஜெயித்தவன் குரல் மாதிரியே இல்லை. "யார் மேல கை வச்சிருக்கேன்னு தெரியுமா? அவரு மேட்டுலேர்ந்து வர்றவர்னு சொல்றாங்க."

மேடு என்றால் எங்கள் இகெரியாஸ் குடியிருப்பில் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. மேட்டில் இருப்பவர்களின் பெயரை நாங்கள் சொல்வதில்லை, என்ன தொழில் செய்கிறார்கள் என்றும் சொல்வதில்லை. போன ஆண்டு டயர்க் கடைக்காரர் அவர்களிடம் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினார். கடை இன்னும் இருக்கிறது. டயர்களும் இருக்கின்றன.

மைதானத்தில் சத்தம் அடங்கியது. அப்போதுதான் தோன் தாச்சோ தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, பை இருந்தது தன் இடுப்பில் அல்ல, நடுவரின் இடுப்பில் என்று உணர்ந்தவர்போல விழித்தார். "அட்டைங்க," என்றார்.

அட்டை விவகாரத்தை நான் சொன்னால்தான் சரியாக இருக்கும், ஏனென்றால் அவை என் கடையில் செய்தவை. மைதானத்துக்கு எதிரில் இருக்கும் எழுதுபொருள் கடை என்னுடையது. நகல், படம், லேமினேஷன் எல்லாம் உண்டு. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் படம், பெயர், அணி. பின்பக்கம் முகவரி, ரத்த வகை, விபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரம். ஆட்டத்துக்கு முன் நடுவர் அட்டைகளை வாங்கி, முகத்தோடு ஒப்பிட்டு, இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தருவார். இவர் திருப்பித் தரவில்லை. பதினைந்து பேரின் முகமும் வீடும் அந்த வெள்ளை டிரக்கில் ஏறி மேட்டுப் பக்கம் போய்விட்டன.

பதினான்கு பேருக்குப் பயம். பதினைந்தாவது ஆளுக்கு விஷயமே தெரியாது. ஏனென்றால் அவன் மைதானத்திலேயே இல்லை.

நபோர் இந்த வட்டாரத்துக்குக் குடிவந்தது ஜனவரியில். லீக்கில் பெயர் பதிவது டிசம்பரோடு முடிந்துபோயிருந்தது. எங்கள் பழைய முன்கள ஆட்டக்காரன் எவோதியோ அதே டிசம்பரில் முழங்காலை உடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஆகவே நபோர் எவோதியோவின் அட்டையில் ஆடினான். ஊர் உலகத்தில் எல்லா அணிகளும் செய்வதுதான். தவிர இருவரும் கொம்பாத்ரே: எவோதியோவின் மகளுக்கு ஞானத்தந்தை நபோர். எவோதியோவின் பெண்டாட்டி அவனுக்குக் கொமாத்ரே. பழைய கூரையோட்டுத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்; எதிர்வீட்டைப் பேசி முடித்து நபோரை இங்கே குடியமர்த்தியதே எவோதியோதான். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே நிறம். எவோதியோவுக்கு மட்டும் பெரிய மீசை. நபோர் ஆறு வாரத்தில் அதேபோல ஒன்றை வளர்த்துவிட்டான். நான்தான் அட்டையை அவன் முகத்தருகே பிடித்துப் பார்த்து, "இடது முனையைக் கொஞ்சம் கீழ இறக்கு," என்று யோசனை சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆக, நடுவரை அடித்தது நபோர். நடுவரின் பையில் இருப்பது எவோதியோவின் முகம், எவோதியோவின் வீடு.

நான் மாலை ஆறு மணிவரை தாக்குப்பிடித்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அதற்குள் வேறு மூன்று வீடுகளில் நடந்ததைச் சொல்லியிருந்தேன். சொல்லச் சொல்ல அந்த டிரக்கில் நம்பர் பலகை இல்லாமல் போயிற்று. இருந்ததா இல்லையா என்று உண்மையில் நான் கவனிக்கவேயில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால்தான் கேட்கிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார்கள்.

எவோதியோ முற்றத்தில் காலை ஒரு பீர் கூடையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டிருந்தான். அவன் பெண்டாட்டி மிகாயேலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறை விழுந்த கட்டம் வந்ததும் எவோதியோ சிரித்தான்.

"என் கொம்பாத்ரே ஒண்ணுதான் விட்டாரா? எம் பேருல ஆடுறவரு, ரெண்டு விட வேண்டாமா?"

மிகாயேலா சிரிக்கவில்லை. "அட்டை எங்க?"

நான் மிக்ஸியைப் பார்த்தேன்.

"தோன்யா ஒப்து, உங்களத்தான் கேக்கறேன். அட்டையத் திருப்பிக் குடுத்தாரா?"

"குடுக்கல மிகா. எல்லாருதும் அவருகிட்டதான் இருக்கு."

"பின்பக்கம் என்ன போட்டிருக்கீங்க?"

"கபுலின் தெரு, முப்பத்து நாலு. அப்புறம் ரத்தம். அப்புறம்..." அவள் கண் என்மேலிருந்து அகலவில்லை. "விபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு ஒரு இடம் இருக்கும்ல. அதுல உன் பேரு."

அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எவோதியோவும் சிரிக்கவில்லை. கையில் இருந்த திருகாணியை அது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று தெரியாதவன்போல வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

திங்கள்கிழமை காலை, கவலைப்பட ஆள் வேண்டுமே என்று நான் அந்தப் பக்கம் போனபோது, எவோதியோ ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல் சுவரில் இருந்த 34-ஐ உளியால் சுரண்டிக்கொண்டிருந்தான். எண் இருந்த இடம் எண்ணைவிட நன்றாகத் தெரிந்தது. மகளை பியூப்லாவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு முதல் பேருந்திலேயே அனுப்பிவிட்டார்கள். வாசலில் படுக்கும் நாயை உள்ளே கட்டியிருந்தார்கள். அது அவமானத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எரிவாயு வண்டிக்காரன் வழக்கம்போல ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தெருவில் திரும்பியதும் மிகாயேலா ஓடிவந்து புருஷனை உள்ளே இழுத்தாள். அந்த வண்டி சிவப்பு நிறம். அதை அவள் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நபோர் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தான். மீசை இல்லை.

மழித்த இடம் மட்டும் வெளுத்து, யாரோ அவன் முகத்தில் கைவைத்து வாயை மூடிவிட்டுக் கையை எடுத்ததுபோல இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அவன், "காலை வணக்கம் கொம்பாத்ரே," என்றான். எவோதியோ, "வணக்கம் கொம்பாத்ரே, பாத்துப் போங்க," என்றான். அவ்வளவுதான். இருவரும் ஒருவரையொருவர் எப்போதும் நீங்க என்றுதான் பேசுவார்கள். கொம்பாத்ரேக்களுக்கு அதுதான் மரியாதை. நபோர் தெருமுனையில் திரும்பிய பிறகு எவோதியோ தன் மேலுதட்டைத் தடவினான். இப்போது இந்த வட்டாரத்தில் அந்த முகம் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

"நீயும் எடுத்துடு," என்றாள் மிகாயேலா.

"எதுக்கு? நான் எதுவும் செய்யலயே."

"அதத்தான் அவங்க கேட்டுட்டு நிப்பாங்களா?"

அவன் எடுக்கவில்லை. பிடிவாதமா, கௌரவமா, அல்லது எடுத்தால் தானே குற்றவாளி ஆகிவிடுவோம் என்ற பயமா, எனக்குத் தெரியாது. மூன்றையும் மூன்று வீடுகளில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை தோன் தாச்சோவின் கறிக்கடையில் அணி கூடியது. எனக்கு அங்கே அழைப்பில்லை. ஆனால் அரைக்கிலோ எலும்பு வாங்க யாருக்கும் அழைப்பு தேவையில்லை. பேசியவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் அட்டையைப் பற்றியே பேசினார்கள். ஒருவன் வீடு மாற்றலாமா என்றான். இன்னொருவன் தன் அட்டையில் இருப்பது பழைய முகவரி என்று சொல்லி எல்லோருடைய பொறாமைக்கும் ஆளானான். நடந்ததை லீக்கில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று கோல்கீப்பர் சொன்னதும் தோன் தாச்சோ கத்தியைப் பலகையில் குத்தினார்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அடுத்தவன் அட்டையில ஆள இறக்கினதுக்கு ரெண்டு வருஷம் தள்ளி வச்சிடுவான். ரெண்டு வருஷம்! அலக்ரானெஸ் கதி என்ன?"

"உங்க அலக்ரானெஸ் கெடக்கட்டும்," என்று ஒரு குரல் வந்தது. மிகாயேலா வாசலில் நின்றிருந்தாள். மேலே ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை, நபோரை மட்டும் பார்த்தாள். "கொம்பாத்ரே. எம் மக தலைல தண்ணி ஊத்தறப்ப ஏந்தி நின்ன கை உங்களுது."

நபோர் தரையில் இருந்த மரத்தூளைப் பார்த்தான்.

"போய் நான்தான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல. எம் புருஷனால ஓடக்கூட முடியாது."

"சொல்றேன் கொமாத்ரே."

"எப்ப?"

"சொல்றேன்."

அவனுக்கும் இரண்டு குழந்தைகள். இரண்டாவது இன்னும் பால்குடி. அதை யாரும் அங்கே சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் நினைத்தோம். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவர்கள்கூட இறைச்சியைப் பற்றி ஏதாவது கேட்டு மூடிக்கொண்டார்கள். புதன்கிழமை போயிற்று. நபோர் எங்கும் போகவில்லை. எங்கே போவது என்று கேட்டால் எங்களுக்கும் பதில் தெரியாது. மேட்டுக்குப் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, நான் கடையில் அரிசிச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, கவுண்டரின் மேல் நிழல் விழுந்தது.

முதலில் உதட்டைத்தான் பார்த்தேன். மூன்று தையல். காய்ந்து கறுத்திருந்தது.

"சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்," என்றார் நடுவர். சாதாரணச் சட்டை போட்டிருந்தார்; அதுவும் இஸ்திரி போட்டது. "உங்க அனுமதியோட ஒரு நகல் எடுக்கணும்."

மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டு நான் முன்பெல்லாம் பயந்ததில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "இது பதினாலு இருக்கு. அந்தப் பசங்ககிட்ட குடுத்துடுங்க. எடுத்துட்டுப் போனது என் தப்பு, அன்னிக்குத் தலை சுத்திருச்சு." பிறகு இன்னொரு பையிலிருந்து பதினைந்தாவதைத் தனியாக எடுத்தார். "இதுக்கு மட்டும் நகல். ரெண்டு பக்கமும்."

எவோதியோ அட்டையிலிருந்து என்னைப் பார்த்தான். படம் எடுக்கும்போது நான் சொன்ன நகைச்சுவைக்கு அவன் அடக்கிய சிரிப்பு மீசைக்கு அடியில் இன்னும் இருந்தது. முதல் நகல் கோணலாக வந்தது. இரண்டாவதைக் கறுப்பாக வரவைத்தேன்; அதற்குத் திருக வேண்டிய குமிழ் எது என்று எனக்குத் தெரியும். முகம் இருந்த இடத்தில் ஒரு கருங்கட்டம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கறுத்துப் போச்சு."

"மிஷின் பழசு."

"பரவாயில்ல. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தேன். வெள்ளை டிரக் நின்றிருந்தது. முன்பக்கம் மின்கம்பத்தின் மறைவில், பின்பக்கம் சுவரோடு ஒட்டி. நம்பர் பலகை இருக்கிறதா இல்லையா என்று எவ்வளவு எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. பின்பக்கத் தட்டில் பந்து போடும் வலைப்பை ஒன்று கிடந்தது. வெறும் நடுவர் வைத்திருக்கக்கூடியதுதான். பக்கத்தில் ஒரு மண்வெட்டியும் கிடந்தது. அதையும் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

மூன்றாவது நகல் சரியாக வந்தது. அவர் அதை மடிக்கவில்லை.

"என்னை அடிச்சது இவன் இல்ல," என்றார்.

நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். எதற்கு என்று தெரியாமல் திரும்ப வைத்தேன்.

"மீசை ஒண்ணுதான். ஆனா காது வேற. நாங்க காதைத்தான் பார்ப்போம் தோன்யா. மீசைய வளக்கலாம், எடுக்கலாம். ஆட்டத்துக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் ஆட விட்டேன், அரையிறுதியாச்சேன்னு." கிழிந்த உதட்டோடு அவர் சிரிக்க முயன்றார், அல்லது உதடு அப்படி இழுத்துக்கொண்டது. "அவன் பேரு என்ன?"

என் அறுபத்திரண்டு வயதில் என்னிடம் கேட்டு நான் சொல்லாத விஷயம் என்று ஒன்று கிடையாது. கேட்காமலே சொல்கிறவள். நபோர் என்ற மூன்றெழுத்து, இதோ, நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் எவோதியோ பிழைத்தான். சொன்னால் பால்குடிக் குழந்தையோடு நிற்கும் நபோரின் பெண்டாட்டி இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள். விழிக்க அவளுக்குக் காரணமே இல்லாமலும் போகலாம்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் பிளாஸ்டிக் ஒட்டறதோட சரி."

அவர் நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி, அப்ப இவரையே கேட்டுக்கறேன். இந்தக் கபுலின் தெரு எப்படிப் போகணும்?"

"கோயிலச் சுத்தி, சந்தைக்குப் பின்னால போங்க," என்றேன். கபுலின் தெரு என் கடைக்குப் பின்னால் இரண்டாவது தெரு.

டிரக் திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக ஓடினேன். ஓடினேன் என்றால் என் கால் வீக்கத்தோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வழியில் எவளோ, "என்ன தோன்யா, யாரு செத்தா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. அந்தத் தெருவில் அதுவே செய்தியாகியிருக்கும்.

மிகாயேலா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பின்சுவரைப் பார்த்தாள், பிறகு எவோதியோவின் காலைப் பார்த்தாள். அந்தச் சுவரை அவன் ஏற முடியாது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் நபோர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகவில்லை.

"கொம்பாத்ரே!" என்று மிகாயேலா தெருவில் நின்று கத்தினாள். "வந்துட்டாரு!"

நபோர் கையில் துடைப்பத்தோடு நிமிர்ந்தான். அதற்குள் வெள்ளை டிரக் தெருமுனையில் திரும்பிவிட்டது. கோயிலைச் சுற்றிய புழுதி அதன்மேல் படிந்திருந்தது. மிகாயேலா என்னை உள்ளே இழுத்து இரும்புக் கதவைச் சாத்தினாள். இறங்கும் சத்தம், காலடிச் சத்தம். சுரண்டி எடுத்த எண்ணுக்கு முன்னால் காலடி நின்றது. பிறகு காசால் இரும்பில் தட்டினார், எல்லோரும் தட்டுவதுபோல, மூன்று முறை.

நாய்கூடக் குரைக்கவில்லை.

மிகாயேலா எவோதியோவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவன் ஊன்றுகோலை அக்குளில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

"எவோதியோ நீங்கதானா?"

"நான்தான்."

நடுவர் நகலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். தலையைச் சற்றுச் சாய்த்துக் காதைப் பார்த்தார். பிறகு கண் கீழே இறங்கி, கட்டுப்போட்ட முழங்காலில் நின்றது. "ஞாயித்துக்கிழமை உங்க அட்டையில ஆடினவர் யாருன்னு தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என் முதுகில் குளிர்ந்தது. தெருவில் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக அசைந்து நின்றன. மேலே நபோர் மாடி விளிம்புக்கு வந்திருந்தான். அங்கிருந்து இங்கே பேசுவது தெளிவாகக் கேட்கும். அந்தத் தெருவில் யார் வீட்டில் யார் இருமினாலும் கேட்கும்.

எவோதியோ ஒருமுறை, ஒரே ஒருமுறை, கண்ணை மேலே தூக்கினான்.

"நான்தான் ஆடினேன்," என்றான்.

"நீங்களா?"

"ஆமா."

"இந்தக் காலோடயா?"

"ஆமா."

ஊன்றுகோலின் ரப்பர் முனை சிமெண்டில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மிகாயேலா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு மட்டமான பொய்யை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. நான் கேட்ட பொய்கள் கொஞ்சநஞ்சமல்ல.

நடுவர் கத்தவில்லை. நகலை மெதுவாக நான்காக மடித்தார். "சரி," என்றார். "அப்ப நான் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கறேன்." வாசல் சுவரின் நிழலுக்குப் போய்ச் சாய்ந்து, எவோதியோ பார்த்த இடத்தைத் தானும் நிமிர்ந்து பார்த்தார்.

மாடி விளிம்பில் யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நபோரின் முற்றத்திலிருந்து மாடிக்குச் சாத்தியிருந்த ஏணியின் இரண்டு முனைகள் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவை ஒருமுறை அதிர்ந்தன, இன்னொரு முறை அதிர்ந்தன. இறங்குகிறான்; ஒவ்வொரு படிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அவன் வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று எங்கள் தெருவில். மற்றொன்று பின்னால், ஓடையில் இறங்குகிறது.

ஏணி அதிர்வது நின்றது. உள்ளே எங்கோ குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ எடுத்துக்கொண்டதுபோல நின்றது. வாசலுக்கு வந்துவிட்ட நாங்கள் எல்லோரும், நடுவரும்கூட, எதிர்வீட்டின் பச்சை அடித்த முன்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.